தொழில்முனைவோர்: முனைப்பும் முட்டுப்பாடும்

வருவாய் எவ்வளவு கிடைக்கும் என்ற உறுதியில்லாமல், இழப்பு நேர்ந்தால் தாமே ஏற்கும் பொறுப்போடு, ஒரு தொழிலைத் தொடங்கி நடத்துபவரே தொழில்முனைவோர். ஒருமையில் தொழில்முனைவர் என்றும், செயலைத் தொழில்முனைவு என்றும் எழுதலாம். தொழிலதிபர் என்ற சொல் இதற்கு ஈடாகாது. அது தொழிலில் வென்று நிலைபெற்றவரைக் குறிக்கிறது.

ஆங்கிலத்தில் வழங்கும் 'ஆன்ட்ரப்ரனர்' என்பது பிரெஞ்சுச் சொல். ஒரு செயலை மேற்கொள்ளுதல் என்ற பொருளுடைய வினையிலிருந்து பிறந்தது. அயர்லாந்தில் பிறந்து பாரிசில் வங்கித் தொழில் நடத்திய ரிச்சர்ட் காண்டிலான் இதற்குப் பொருளியலில் இடம் பெற்றுத் தந்தார். அவர் மறைந்த பின் 1755-இல் வெளிவந்த நூலில், தெரிந்த விலைக்கு வாங்கித் தெரியாத விலைக்கு விற்பவர் என்று தொழில்முனைவோரை விளக்குகிறார். நிலையான கூலி பெறாத எவரும் அவர் கணக்கில் தொழில்முனைவோரே. தண்ணீர் சுமப்பவர், புகைபோக்கி துடைப்பவர் மட்டுமன்றி, பிச்சை எடுப்பவரும் திருடரும்கூட அதில் அடக்கம். படிப்பவருக்குச் சிரிப்பு வரலாம்; ஆனால் வளரும் நாடுகளின் நிலைமைக்குப் பிற்காலத்து விளக்கங்களைவிட இதுவே நெருங்கி வருகிறது என்பது என் கருத்து.

பிற்கால விளக்கங்கள் இச்சொல்லுக்கு வீரக்களை ஏற்றின. பொருளியலாளர் ஜோசப் சும்பீட்டர் 1911-இல் எழுதிய நூலில், புதிய பொருளையோ முறையையோ சந்தையையோ உருவாக்குபவரே இப்பெயருக்கு உரியவர் என்றார். தனக்கென ஓர் அரசை நிறுவும் கனவு, வெல்லும் வேட்கை, படைக்கும் மகிழ்ச்சி ஆகியவை அவரை இயக்குவதாகவும் கூறினார். உளவியலாளர் டேவிட் மெக்கிளெலண்ட் 1961-இல் இதைச் சாதனை வேட்கை என்ற கோட்பாடாக விரித்து, 1960-களில் ஆந்திரத்தின் காக்கிநாடாவில் வணிகர்களுக்குப் பயிற்சி அளித்தும் சோதித்துப் பார்த்தார்.

தமிழ்ச் சொல் இந்த இரண்டாம் மரபைச் சார்ந்தது. முனைதல் என்றால் ஊக்கத்தோடு ஒன்றில் முற்படுதல். முனைப்பு என்பதும் அதன் வழிவந்ததே. ஆனால் 'முனைவு முனிவாகும்' என்று தொல்காப்பிய உரியியல் வெறுப்புப் பொருளையும் பதிவு செய்கிறது. இன்றைய கலைச்சொல் அப்பொருளிலிருந்து பிறந்ததன்று. எனினும், இருக்கும் நிலை பிடிக்காமல் தொழில் தொடங்குவோரையும் நினைவில் கொள்ள அது இடம் தருகிறது.

அத்தகையோர் ஏராளம். மாதச் சம்பள வேலைகள் குறைவு. வேலையிழந்தோருக்கான அரசு உதவித்தொகை பெரும்பாலான வளரும் நாடுகளில் இல்லை, இருந்தாலும் மிகச் சிலருக்கே எட்டுகிறது. சும்மா இருக்க வசதியில்லாதவர் கையிலிருக்கும் சிறு தொகையைக் கொண்டு விற்கவோ தைக்கவோ சமைக்கவோ தொடங்கிவிடுகிறார். 1999-இல் தொடங்கிய உலகத் தொழில்முனைவுக் கண்காணிப்பு ஆய்வு, 2001 அறிக்கையில் இவர்களைத் தேவையால் தொடங்கியோர் என்றும், ஏனையோரை வாய்ப்பைக் கண்டு தொடங்கியோர் என்றும் பிரித்தது. தமிழில் தேவைவழித் தொழில்முனைவு, வாய்ப்புவழித் தொழில்முனைவு என்பன பொருந்தும்.

இந்தப் பிரிவினையும் சற்று முரடானதே. வேறு வழியின்றித் தொடங்கியவர், பிறருக்குக் கைகட்டி நிற்காத விடுதலையை ருசித்தபின் வேலை கிடைத்தாலும் போகாமல் இருக்கலாம். வீட்டுப் பொறுப்பையும் சேர்த்துச் சுமக்கும் பெண்ணுக்கு நேரம் தன் கையில் இருப்பதே முதற்காரணமாக அமையலாம். அதே ஆய்வு 2019-இல் கேள்வியை மாற்றி, உலகில் மாற்றம் உண்டாக்குதல், பெருஞ்செல்வம் ஈட்டுதல், குடும்ப மரபைத் தொடர்தல், வேலை அரிதாக இருப்பதால் பிழைப்பு தேடுதல் என்ற நான்கில் ஒன்றுக்கு மேற்பட்டவற்றையும் ஒருவர் ஏற்க இடமளித்தது. மறுபுறம், ஏழைப் பெற்றோர் தம் பிள்ளைகளுக்கு விரும்புவது பெரும்பாலும் அரசு வேலையே, சொந்தத் தொழிலன்று என்பதைப் பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டூஃப்ளோவும் சுட்டிக்காட்டியுள்ளனர்.

ஆகவே, கூலிக்கு எவரையும் அமர்த்தாமல் பிழைப்புக்காக உழைப்பவரைச் சுயதொழில் செய்பவர் என்பதே துல்லியம். கடன் திட்ட விளம்பரங்கள் அவரையும் தொழில்முனைவோர் என்றே அழைக்கின்றன. அங்கே 'தேவைவழி' என்ற அடைமொழியைச் சேர்த்து எழுதுவது நல்லது.