கடலூர்னு சொல்ல ஒரு நாக்கு

"கடலூர்"னு ஒரு தடவ மெதுவா சொல்லிப் பாருங்க. 'க'வுக்கு நாக்கோட பின்பக்கம் மேல முட்டும், 'ட'வுக்கு நுனி மேல மடியும், 'லூ', 'ர்' ரெண்டுக்கும் திரும்பவும் நுனிதான். முதுநகர்ல மீன் ஏலம் கூவிட்டிருந்த எங்க பெரியப்பாவுக்கு கேன்சர்னு பாதி நாக்க எடுத்தப்புறம் அம்மா, அப்பாலாம் நல்லாவே வந்துச்சு, அது உதட்டு வேலையாச்சே, ஊர் பேருதான் வரல.

கட்டிய மட்டும் எடுத்தா பத்தாது, சுத்தி இருக்குற நல்ல சதையும் கொஞ்சம், கழுத்து நெறியும் சேத்து எடுக்கணும். அந்தக் குழிய அப்படியே இழுத்துத் தைச்சா மிச்ச நாக்கு கீழ ஒட்டிக்கிட்டு அசையாது. அதனால முன்கையில இருந்து ஒரு துண்டு தோல், கொழுப்பு, அடியில நாம நாடி பாக்குற ரத்தக்குழாய், எல்லாத்தையும் சேத்து எடுப்பாங்க, 1981ல சீன டாக்டருங்க வெளியிட்ட முறை இது. அப்போ கைக்கு ரத்தம்? சுண்டுவிரல் பக்கம் இன்னொரு குழாய் ஓடுது. கைய மூடச் சொல்லி மணிக்கட்டுல ரெண்டு குழாயையும் அமுக்கி, கைய விரிச்சா வெளுத்துக் கெடக்கும், சுண்டுவிரல் பக்கம் மட்டும் விட்டதும் சில செகண்ட்ல செவந்துட்டா சரி, எடுக்கலாம். பாண்டி ஆஸ்பத்திரில பெரியப்பாவுக்கு இதத்தான் பண்ணாங்க.

அந்தத் துண்ட நாக்குக் குழியில வெச்சு, அதோட ரெண்டு மூணு மில்லிமீட்டர் குழாய கழுத்துக் குழாயோட மைக்ராஸ்கோப் வெச்சு, முடிய விட மெல்லிசான நூலால தைக்கிறாங்க. நிஜமான திகில் அதுக்கப்புறம்தான். மொத ரெண்டு மூணு நாள் நர்ஸ் மணிக்கொரு தடவ டார்ச் அடிச்சு அந்தத் துண்டோட கலர் பாப்பாங்க, சில சமயம் ஊசியால குத்தியும் பாப்பாங்க. செவப்பா மெதுவா கசிஞ்சா நல்லது, கருஞ்செவப்பா சட்டுனு வந்தா ரத்தம் வெளிய போற வழி அடைச்சிருக்குனு அர்த்தம், உடனே திரும்ப ஆபரேஷன் தியேட்டர்.

பக்கத்து பெட்காரருக்கு குரல்வளையே இல்ல, கழுத்து ஓட்டை வழியாத்தான் மூச்சு. மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவுல குட்டி வால்வு, கட்டை விரலால ஓட்டைய மூடினா காத்து அது வழியா போயி தொண்டைச் சதைய அதிர வெச்சு பேச்சா வரும்.

புது நாக்குத் துண்டுக்கு ருசியும் தெரியாது, தானா அசையவும் அசையாது. இடத்த அடைச்சு மிச்ச நாக்கு மேல எட்ட வழி பண்றதுதான் அதோட வேலை. கைத்தோல்ங்கறதால முடி கூட மொளைக்கும், பெரியப்பாவுக்கு ரேடியேஷன்ல கொட்டிடுச்சு.

பல மாசம் ஸ்பீச் தெரபி. இப்போ 'கயவூர்'னு வருது, "என்னடா ஊரையே திட்றேன்"னு அவரே சிரிப்பாரு. போன வாரம் பாண்டி பஸ்ஸ்டாண்டுல அப்படித்தான் கேட்டாரு, கண்டக்டர் திருப்பிக் கேக்காம டிக்கெட்ட கிழிச்சுக் குடுத்துட்டாரு.