வைரஸ் எழுதுகிறவருக்கு உங்களிடம் என்ன வேண்டும்?

பாதிக்கப்பட்ட கணினியின் முன்னால் நான் உட்கார்ந்ததும் அதன் உரிமையாளர் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “என்மேல் யாருக்கு என்ன பகை? என்னிடம் அப்படி என்னதான் இருக்கிறது?” தகவல் பாதுகாப்புத் துறைக்கு வந்த புதிதில் இதை வெறும் புலம்பலாக எடுத்துக்கொண்டு என் வேலையைப் பார்க்கத் தொடங்கிவிடுவேன். ஒரு வைரஸ் எதற்காக எழுதப்பட்டது என்பதைப் பொறுத்தே அது கணினிக்குள் நடந்துகொள்ளும் விதமும், நாம் கவனிக்க வேண்டிய அறிகுறியும் அமைகின்றன என்பது நாளாக ஆகத்தான் எனக்குப் பிடிபட்டது. தானாகவே பரவும் புழு, நல்ல மென்பொருள் வேடத்தில் நுழையும் டிரோஜன், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் என்று துறைக்குள் நாங்கள் பிரித்துப் பேசுவதையெல்லாம் இங்கே பொது வழக்கப்படி வைரஸ் என்றே சொல்கிறேன்.

தொடக்க காலத்து வைரஸ்கள் தம்மைக் காட்டிக்கொள்ளவே விரும்பின. 1982-இல் ரிச் ஸ்க்ரெண்டா என்ற 15 வயதுப் பள்ளி மாணவர் ஆப்பிள் 2 கணினிக்காக எழுதிய எல்க் குளோனர், பாதிக்கப்பட்ட ஃபிளாப்பி வட்டிலிருந்து கணினியை ஐம்பதாவது முறை இயக்கும்போது ஒரு சிறு கவிதையைத் திரையில் காட்டியது. நண்பர்களைச் சீண்டிப் பார்ப்பதைத் தவிர அதற்கு வேறு நோக்கம் இருக்கவில்லை. 1986-இல் லாகூரைச் சேர்ந்த பாசித், அம்ஜத் என்ற சகோதரர்கள் தங்கள் மருத்துவ மென்பொருளைத் திருட்டு நகல் எடுப்பவர்களைக் கண்டுபிடிப்பதற்காக எழுதியதாகச் சொல்லப்படும் பிரெய்ன் வைரஸ் இன்னும் விசித்திரமானது. ஃபிளாப்பியில் கணினி முதலில் படிக்கும் பகுதியான பூட் செக்டாரில் தங்கள் பெயர், கடை முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றைப் பதித்து, வைரஸை நீக்கும் ‘தடுப்பு மருந்து’க்குத் தங்களைத் தொடர்பு கொள்ளுமாறும் அவர்கள் எழுதியிருந்தார்கள். அந்த வைரஸ் நாடு கடந்து போனபோது, முன்பின் தெரியாத இடங்களிலிருந்தெல்லாம் அவர்களுக்கு அழைப்புகள் வந்தன. விலாசம் எழுதிவைத்த வைரஸை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும்.

அறியும் ஆர்வமும் ஆபத்தில் முடியலாம் என்பதை 1988 நவம்பர் 2 அன்று வெளியான மோரிஸ் புழு காட்டியது. கார்னெல் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ராபர்ட் மோரிஸ் அதில் கோப்புகளை அழிக்கும் கட்டளை எதையும் வைக்கவில்லை. ஒரு கணினியில் தன் நகல் ஏற்கெனவே ஓடுகிறதா என்று புழு விசாரிக்கும். யாராவது பொய்யாக ‘ஆம்’ என்று பதில் சொல்லவைத்து அதைத் தடுத்துவிடக் கூடாது என்பதற்காக, ஏழில் ஒரு முறை அந்தப் பதிலைப் பொருட்படுத்தாமல் ஓடும்படி அவர் எழுதியிருந்தார். அந்த ஒரு கணக்குப் பிழையால் நகல்மேல் நகலாகக் குவிந்து இயந்திரங்கள் திணறின. ஏறத்தாழ 6,000 கணினிகள் பாதிக்கப்பட்டதாக அப்போது மதிப்பிட்டார்கள். மோரிஸுக்கு மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், 400 மணிநேரச் சமூகப் பணியும், 10,050 டாலர் அபராதமும் கிடைத்தன.

அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளை இளைஞர்களின் பெருமை ஆண்டது என்று சொல்லலாம். 1999 ஏப்ரல் 26 அன்று வெடித்த சிஐஎச் வைரஸ் வன்தட்டின் தொடக்கப் பகுதியை அழித்ததோடு, சில கணினிகளில், கணினி இயங்கத் தொடங்குவதற்கு வேண்டிய பயாஸ் சிப்பையும் பாழாக்கியது. அதை எழுதிய தைவான் மாணவர், வைரஸ் தடுப்பு நிறுவனங்கள் தம்மைப் பற்றி அடித்துக்கொண்ட தம்பட்டத்துக்குச் சவால் விடவே எழுதியதாகச் சொன்னார். 2000-ஆம் ஆண்டின் ‘ஐ லவ் யூ’ வைரஸை எழுதிய பிலிப்பைன்ஸ் மாணவரின் காரணம் வேறு: பணம் கட்டாமல் இணையத்தைப் பயன்படுத்துவதற்குப் பிறருடைய கடவுச்சொற்கள் வேண்டியிருந்தன. அந்த நாட்டில் அப்போது அதைக் குற்றமாக்கும் சட்டம் இல்லாததால் அவர்மீது வழக்கு நடக்கவில்லை. இப்படி எழுதுகிறவர்களிடம் நேரடியாகப் பேசி 1990-களில் ஆய்வு செய்த சாரா கோர்டன், அவர்கள் எல்லோரும் ஒரே வார்ப்பு அல்லர் என்றும், பதின்வயதில் எழுதியவர்களில் பலர் வளர்ந்ததும் தாமாகவே விட்டுவிடுகிறார்கள் என்றும் கண்டார். தடுப்பு மென்பொருள் விற்கும் நிறுவனங்களே வைரஸை எழுதி விடுகின்றன என்ற பேச்சும் என்னிடம் அடிக்கடி வரும். எழுதித் தள்ளுவதற்கு இத்தனை பேர் இருக்கும்போது அந்த நிறுவனங்கள் ஏன் மெனக்கெட வேண்டும் என்று திருப்பிக் கேட்பேன்.

பணம் உள்ளே வந்த பிறகு வைரஸ் வாயை மூடிக்கொண்டது. என் கருத்தில் இந்தத் துறையின் பெரிய திருப்பம் இதுதான்; பொதுமக்களில் பலர் இதை இன்னும் உணரவில்லை. கணினி மந்தமாக வேண்டும், திரையில் ஏதாவது விபரீதமாகத் தெரிய வேண்டும், அப்போதுதான் வைரஸ் இருக்கிறது என்று அவர்கள் நம்புகிறார்கள். ஒருமுறை ஒரு சிறிய அலுவலகத்தில், தாங்கள் அனுப்பும் மின்னஞ்சல்களை வாடிக்கையாளர்களின் சர்வர்கள் ஏற்க மறுக்கின்றன என்று என்னை அழைத்தார்கள். பார்த்தால், அவர்களுடைய ஒரு கணினி பல மாதங்களாக யாருக்காகவோ குப்பை அஞ்சல்களை அனுப்பிக்கொண்டிருந்தது. அதனால் அலுவலகத்தின் முகவரியே தடைப்பட்டியலில் சேர்ந்துவிட்டது. “நன்றாகத்தானே ஓடிக்கொண்டிருந்தது?” என்றார் உரிமையாளர். நன்றாக ஓட வேண்டும் என்பதே அதை எழுதியவரின் விருப்பம். கணினி பழுதானால் அவருக்கு வருமானம் நின்றுபோகும். வங்கிக் கடவுச்சொற்களைத் திருடிய ஜீயஸ் போன்ற வைரஸ்களும் இதே காரணத்தால்தான் ஓசைப்படாமல் இருந்தன.

கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் யோசனை புதிதன்று. 1989-இல் ஜோசஃப் பாப் என்ற உயிரியலாளர் எய்ட்ஸ் பற்றிய தகவல் வட்டு என்று சொல்லி சுமார் 20,000 ஃபிளாப்பிகளை அஞ்சலில் அனுப்பினார். ஏறத்தாழ 90 முறை கணினியை இயக்கிய பிறகு அது கோப்புகளின் பெயர்களை மறையாக்கி, பனாமாவில் உள்ள ஓர் அஞ்சல் பெட்டிக்கு 189 டாலர் அனுப்பச் சொன்னது. காசோலையும் அஞ்சல் பெட்டியும் ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்பதால் அந்தத் தொழில் வளரவில்லை. பெயரைக் காட்டாமல் அனுப்பக்கூடிய மின்பணமான பிட்காயின் வந்து அந்தத் தடையை நீக்கியது. இன்று எழுதுகிறவர் ஒருவர், உள்ளே நுழையும் வழியை விற்பவர் இன்னொருவர், நுழைந்து பூட்டுகிறவர் வேறொருவர் என்று வேலையைப் பிரித்துக்கொண்டு, வரும் தொகையைப் பங்கு போடுகிறார்கள். 2021 மே மாதத்தில் அமெரிக்காவின் கொலோனியல் எரிபொருள் குழாய்த்தடத்தை முடக்கிய டார்க்சைட் கும்பல் இந்த முறையில்தான் இயங்கியது. யாரும் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு பழைய கணக்கின் கடவுச்சொல்தான் அவர்களுக்கு வாசலாக அமைந்தது. அந்தக் கணக்குக்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லை.

“என்னிடம் என்ன இருக்கிறது” என்ற கேள்விக்கு நான் வழக்கமாகச் சொல்லும் பதில் மிராய். 2016-இல் மூன்று அமெரிக்க இளைஞர்கள் எழுதிய இந்த வைரஸ், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லையே மாற்றாமல் விட்ட கண்காணிப்பு கேமராக்களையும் ரவுட்டர்களையும் தேடித்தேடிப் பிடித்தது. அதற்கு அந்த வீட்டுக்காரரின் படமும் வேண்டாம், ரகசியமும் வேண்டாம். ஒரே இலக்கின்மேல் ஒரே நேரத்தில் பாய்வதற்கு லட்சக்கணக்கான இணைய இணைப்புகள் வேண்டும், அவ்வளவுதான். மைன்கிராஃப்ட் விளையாட்டு சர்வர்களை முடக்கிப் போட்டியாளர்களை வீழ்த்துவதில் தொடங்கிய இந்த ஆயுதத்தின் மூலநிரலை அவர்களே வெளியிட்டார்கள். சில வாரங்களில் வேறு யாரோ அதை, இணையதளப் பெயர்களுக்குரிய முகவரிகளைக் கணினிகளுக்குச் சொல்லும் டின் நிறுவனத்தின் மேல் ஏவ, ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் பலருக்குக் கிடைக்காமல் போயின.

அரசுகளும் எழுதுகின்றன. ஈரானின் நதான்ஸ் ஆலையில் யுரேனியச் செறிவூட்டும் சுழல்கலன்களைச் சேதப்படுத்திய ஸ்டக்ஸ்நெட் 2010-இல் வெளிப்பட்டது. சாதாரணக் கணினிகளுக்கும் அது பரவியது. ஆனால் தான் தேடிய கட்டுப்பாட்டுக் கருவி அங்கே இல்லாததால் ஒன்றும் செய்யாமல் இருந்தது. 2017 ஜூனில் உக்ரைனின் கணக்கியல் மென்பொருள் ஒன்றின் வழியே பரவிய நாட்பெட்யா அவ்வளவு பொறுமை காட்டவில்லை. ரான்சம்வேர் போலவே பிட்காயின் கேட்டது. ஆனால் திரையில் அது காட்டிய அடையாள எண் கண்டபடி உருவாக்கப்பட்ட ஒன்று என்பதால், அதிலிருந்து திறவுகோலைத் தருவது எழுதியவருக்கே இயலாத காரியம். அழிப்பதற்காகவே எழுதப்பட்ட வைரஸ் பணப்பேராசை வேடம் போட்டிருந்தது.

ஆகவே “பணம் கொடுத்தால் கோப்புகள் வருமா?” என்று கேட்பவருக்கு நான் உடனே பதில் சொல்வதில்லை. மிரட்டல் செய்தி தெரிந்ததும் கணினியைத் துடைத்துவிடாமல், நெட்வொர்க் இணைப்பை மட்டும் துண்டித்து, திரையைப் படம் எடுத்து, பூட்டப்பட்ட ஒரு கோப்பையும் தனியே எடுத்து வைக்கச் சொல்கிறேன். எந்தக் குடும்பத்தைச் சேர்ந்த வைரஸ், எழுதியவர் வியாபாரியா அழிப்பவரா என்பதைப் பெரும்பாலும் இந்த இரண்டிலிருந்தே சொல்லிவிடலாம். அதற்கான திறவுகோல் ஏற்கெனவே கிடைத்திருந்தால், 2016-இல் நெதர்லாந்துக் காவல்துறையும் யூரோபோலும் பாதுகாப்பு நிறுவனங்களோடு சேர்ந்து தொடங்கிய ‘நோ மோர் ரான்சம்’ தளத்தில் அது இலவசமாகவே இருக்கும்.