ஒரு காது திடீரென்று அடைத்தால்: கையில் இருக்கும் மருந்தும் வரப்போகும் மருந்தும்

குடியாத்தம், ஆற்காடு பக்கத்திலிருந்து என்னிடம் காது பார்க்க வருபவர்கள் அனேகமாக ஒரே மாதிரிதான் சொல்வார்கள். "காலையில எழுந்ததும் ஒரு காது அடைச்ச மாதிரி இருந்துச்சு சார், கூடவே கொய்ங்னு இரைச்சல். சளின்னு விட்டுட்டேன்." மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்கி ஊற்றி, அது தீர்ந்தபிறகு வேலூருக்கு பஸ் ஏறுவார்கள். காதில் இருந்தது அழுக்கு என்றால் பரவாயில்லை. உட்செவி பாதிப்பு என்றால் மருந்து நன்றாக வேலை செய்யும் முதல் இரண்டு வாரம் போய்விட்டது.

வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று முனகிப் பாருங்கள். சத்தம் அடைத்த காதில் பலமாகக் கேட்டால் அழுக்கோ சளியோ காரணமாக இருக்கலாம். நல்ல காதுப் பக்கம் போனால் உட்செவியைச் சந்தேகிக்க வேண்டும். நாங்கள் இசைக்கவையைத் தட்டி நெற்றியில் வைப்பதும் இதே கணக்குதான். ஆனாலும் முடிவு சொல்வது ஆடியோகிராம், அதாவது காது எவ்வளவு கேட்கிறது என்று அளக்கும் சோதனை. மூன்று நாளுக்குள், அடுத்தடுத்த மூன்று ஒலி அலைவரிசைகளில் கேட்கும் திறன் 30 டெசிபலாவது குறைந்திருந்தால் அது திடீர் காது கேளாமை.

இப்போதைக்கு மருந்து ஸ்டெராய்டுதான். டோஸைக் கூட்டினால் சீக்கிரம் கேட்குமா என்று கேட்பார்கள். ஜெர்மனியில் 300-க்கும் மேற்பட்டவர்களிடம் இதைச் சோதித்தார்கள். அதிக டோஸால் கூடுதல் பலன் இல்லை, பக்கவிளைவுதான் கூடியது. சுகர் உள்ளவர்களுக்கு மாத்திரைக்குப் பதிலாகக் காதுக்குள் ஊசி போடலாம். பயப்படும் அளவுக்கு ஒன்றுமில்லை. செவிப்பறையை மரத்துப்போகச் செய்து, மெல்லிய ஊசியால் நடுச்செவிக்குள் மருந்தை விடுவோம். அப்புறம் அந்தக் காது மேலே இருக்கும்படி அரைமணி நேரம் படுக்க வேண்டும்; எச்சில் விழுங்கக் கூடாது, விழுங்கினால் மருந்து தொண்டைக்கு வடிந்துவிடும்.

சரி, புது மருந்துகள்? உட்செவிச் செல்கள் சாவதைத் தடுக்கும் ஏஎம்-111 ஊசி 2017-இல் மூன்றாம் கட்டச் சோதனையில் தன் முக்கிய இலக்கைத் தொடவில்லை. சென்ஸ்-401 மாத்திரைக்கும் 2022-இல் இரண்டாம் கட்டச் சோதனையிலேயே அதே கதி. மருந்து மட்டும் காரணமில்லை என்பது என் எண்ணம். இந்த நோயில் கணிசமானவர்களுக்குத் தானாகவே கேட்கத் தொடங்கிவிடும். அதைத் தாண்டி மருந்தின் பலனை நிரூபிப்பது பெரும்பாடு. இப்போது ஏசி-102 என்ற ஜெல்லை ஒரே ஊசியாகக் காதில் போட்டு, ஸ்டெராய்டு மாத்திரையோடு ஒப்பிடும் ஆய்வு ஐரோப்பாவில் நடத்தப்பட்டிருக்கிறது. காட்பாடி மருந்துக்கடையில் அது கிடைக்காது. 'காது நரம்பை வளர்க்கும்' என்று யூடியூபில் விற்கும் கேப்சூல்களுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

ஜீன் சிகிச்சையில் குழந்தைகளுக்குக் காது கேட்டதாக 2024-இல் வந்த செய்தியைக் காட்டியும் சிலர் கேட்கிறார்கள். செய்தி உண்மைதான். ஆனால் அது ஓட்டோஃப் என்ற மரபணுக் குறையோடு பிறந்த குழந்தைகளுக்கானது. நேற்று அடைத்த காதுக்கு அது பொருந்தாது.