மீள்குற்ற இடர்: சொல்லும் கணக்கும்

‘ரெசிடிவிசம்’ என்ற சொல்லின் வேர் லத்தீன். ‘ரெசிடெரே’ என்றால் திரும்ப விழுதல். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், தண்டனை பெற்றவர் மறுபடி குற்றம் செய்வதைக் குறிக்கலாயிற்று. தமிழில் ‘மீள்குற்றம்’ என்பதே பொருத்தம். ‘மறுகுற்றம்’ என்றால் வேறொரு குற்றம் என்றும் தோன்றும். நம்மூர்ப் பேச்சில் உள்ள ‘பழைய கேடி’ உதவாது. கேடி என்பது போலீஸ் பதிவேட்டின் கே, டி என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளிலிருந்து வந்தது. அது ஆள்மேல் குத்தும் முத்திரை. மீள்குற்றமோ செயலின் பெயர்.

‘ரிஸ்க்’ என்பதற்கு இடர். ‘ஆபத்து’ கண்முன் வந்து நிற்பது. ‘வாய்ப்பு’ நல்லதற்கும் ஆகும். 2017 ஒக்கிப் புயலுக்குப் பின் ‘பேரிடர்’ குமரிக் கடற்கரையில் எல்லார் வாயிலும் புழங்குகிறது. அதிலுள்ள இடர் நேர்ந்துவிட்ட துன்பம், இங்கே நேரக்கூடியது. இந்த வேறுபாட்டை மறக்கக்கூடாது.

பாலியல் குற்றத்தில் தண்டனை பெற்ற ஆண்களின் மீள்குற்ற இடரை மதிப்பிட அதிகம் பயன்படும் அளவுகோல் ஸ்டேட்டிக்-99. கார்ல் ஹான்சனும் டேவிட் தார்ன்டனும் 1999இல் உருவாக்கியது. கேள்விகள் பத்து: விடுதலையாகும் வயது, இரண்டு ஆண்டாவது துணையுடன் வாழ்ந்தாரா, முந்தைய பாலியல் வழக்குகள், பாதிக்கப்பட்டவர் உறவினரா, அந்நியரா, ஆணா என்பவை அவற்றுள் சில. திருத்திய வடிவத்தில் வயதின் எடை பெரிது. துணையுடன் வாழாதவர், அந்நியப் பெண்ணைத் தாக்கியவர், வேறு வழக்கே இல்லை என்று வைப்போம். துணை இல்லாததற்கு மதிப்பெண் 1, உறவினர் அல்லாதவர் என்பதற்கு 1, அந்நியர் என்பதற்கு 1. வெளியே வரும்போது வயது 30 என்றால் இன்னும் 1 கூடி மொத்தம் 4, சராசரிக்கு மேல். வயது 62 என்றால் 3 கழியும். மொத்தம் 0, சராசரிக்குக் கீழ். குற்றம் ஒன்றுதான்.

இந்தப் பத்தும் பெரும்பாலும் மாறாக் காரணிகள். குடி, தனிமை, கண்காணிப்பை மீறுதல் போன்ற மாறும் காரணிகளைத் தனிக் கருவிகளால் பார்க்க வேண்டும்.

பிழை எங்கே வருகிறது? முந்தைய குற்றங்களாக அளவுகோல் எண்ணுவது பதிவான வழக்குகளை. ஊர்ப் பேச்சுவார்த்தையில் முடிந்தது, குடும்ப மானத்துக்காகப் புகாரே ஆகாதது எதுவும் கணக்கில் ஏறாது. ஆகவே இங்கே குறைந்த மதிப்பெண்ணை நம்பும் முன் கோப்புக்கு வெளியேயும் விசாரிக்க வேண்டும். மேலைநாட்டுச் சதவீதங்களை நம் ஊர் ஆள்மேல் அப்படியே ஏற்றுவதும் தவறு. பெண்களுக்கும், பாலியல் குற்றத்துக்கு வழக்கோ தண்டனையோ இல்லாதவர்களுக்கும் இது பொருந்தாது.

இந்தியாவின் குற்றத் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 71ஆம் பிரிவு பார்ப்பது இடரை அல்ல, முன் தண்டனையை. வன்புணர்வுக்கு முன்பே தண்டனை பெற்றவர் அதே வகைக் குற்றத்தில் மீண்டும் தண்டிக்கப்பட்டால் எஞ்சிய வாழ்நாள் முழுதும் சிறை, அல்லது மரணம். இரண்டையும் குழப்பக்கூடாது.

பெரிய கேடு வேறு. மகளைச் சீரழித்தவருக்கு உறவினர், அந்நியரல்லர் என்பதால் இரண்டு இடங்களிலும் பூஜ்யம் விழும். ‘இடர் குறைவு’ என்று அறிக்கை வரலாம். அந்தச் சொல் மொத்தத்தில் மீள்குற்றம் பதிவாகும் இடரைப் பற்றியது. அதே வீட்டில் இருக்கும் குழந்தையைப் பற்றித் தனியாக எதுவும் சொல்லாது. நாகர்கோவிலில் வழக்கு நடந்தாலும் எங்கே நடந்தாலும், அவர் வீடு திரும்பலாமா என்பதைத் தனியாகத்தான் முடிவுசெய்ய வேண்டும்.