ஒபிசிட்டி: பருமனா, கொழுப்பா, தொப்பையா?

ஸ்கேன் எடுத்து வந்த சித்தப்பாவின் சீட்டில் ‘ஃபேட்டி லிவர்’, அதற்குக் கீழே ‘ஒபிசிட்டி’. “ஒபிசிட்டின்னா என்னப்பா?” என்று கேட்டார். உடல் பருமன் என்றேன். கோபம் வந்துவிட்டது. “நான் என்ன பருமனாவா இருக்கேன்? கொஞ்சம் தொப்பை, அவ்வளவுதானே!”

அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. ஒரே விஷயத்துக்கு மூன்று சொற்கள். மூன்றும் சுட்டுவது வேறு வேறு.

‘ஒபிசிட்டி’ லத்தீன் வழி வந்தது. ‘எடெரே’ என்றால் தின்னுதல். அதோடு ‘ஒப்’ என்ற முன்னொட்டு சேர்ந்து ‘ஒபேசுஸ்’ ஆனது: தின்று கொழுத்தவன். வேடிக்கை என்னவென்றால், பழைய லத்தீனில் இதே சொல் ‘தின்னப்பட்டுத் தேய்ந்தவன்’, அதாவது ஒல்லி என்ற பொருளிலும் வந்திருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போனபோது கொழுத்த பொருள்தான் மிஞ்சியது. சொல்லின் வயிற்றுக்குள்ளேயே ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது பாருங்கள்: நீ தின்றாய், அதனால் ஆனாய்.

அது பாதி உண்மை. செலவழிப்பதைவிட அதிகம் உண்டால் மிச்சம் கொழுப்பாகச் சேரும், மறுப்பதற்கில்லை. ஆனால் எவ்வளவு பசிக்கும் என்பதை நாக்கு மட்டும் முடிவு செய்வதில்லை. பரம்பரை, தூக்கக் குறைவு, ஸ்டீராய்டு போன்ற சில மருந்துகள், சிலருக்கு ஹார்மோன் கோளாறு எல்லாம் இதில் கை வைக்கின்றன. 1994இல் கண்டறியப்பட்ட லெப்டின் என்ற ஹார்மோனைக் கொழுப்புத் திசுவே சுரக்கிறது. ‘இருப்பு போதும், சாப்பாட்டை நிறுத்து’ என்று மூளைக்குச் சொல்வது அதன் வேலை. பருமனானவர்களில் பெரும்பாலோருக்கு லெப்டின் குறைவில்லை. மூளைதான் காதில் வாங்குவதில்லை. எடையைக் குறைத்தாலோ லெப்டின் சரிந்து பசி கூடுகிறது. குறைத்த எடை திரும்பி வருவதற்கு இதுவும் ஒரு காரணம். (லெப்டின் என்ற பெயரே ‘மெலிந்த’ என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்ததுதான்.)

சரி, தமிழுக்கு வருவோம். ‘பரு’ என்றால் பெரிதாதல், திரளுதல். பருத்தல், பருமை, முகப்பரு, சோற்றுப் பருக்கை எல்லாம் ஒரே குடும்பம். ‘விரல் பருமன் கயிறு’ என்கிறோம். பள்ளி அறிவியல் பாடத்தில் வால்யூமுக்கும் பருமன் என்று எழுதுகிறோம். ஆக, இது அளவைச் சொல்லும் சொல். யார் தின்றார், எவ்வளவு தின்றார் என்று விசாரிப்பதில்லை. லத்தீன் சொல்லைவிட நாகரிகமானது என்பேன். குறை என்னவென்றால், பருத்தது கொழுப்பாலா தசையாலா என்பதையும் சொல்லாது.

கொழுப்பைச் சொல்லவேண்டுமானால் ‘கொழுத்தல்’ இருக்கிறது. ‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்ற பழமொழியில் அது வெறும் உடல்நிலை. ‘உனக்குக் கொழுப்பு அதிகம்’ என்றால் அடிதடிதான். மருத்துவச் சீட்டில் எழுத முடியாது. சித்த மருத்துவத்தில் ‘அதிதூலம்’ என்பார்கள். ‘ஸ்தூலம்’ என்ற வடசொல்லின் தமிழ் வடிவம். எனக்கென்னவோ கூரை தாங்கும் தூலம்தான் நினைவுக்கு வருகிறது. ‘குண்டு’ கேலிச்சொல், விட்டுவிடுவோம்.

இப்போது சித்தப்பாவின் தொப்பை. உயரம் 165 செ.மீ., எடை 70 கிலோ. எடையை மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் உடல் நிறைக் குறியெண்: 25.7. உலக சுகாதார நிறுவனத்தின் பொது அளவுகோலில் 30ஐத் தொட்டால்தான் ஒபிசிட்டி. அவர் வெறும் மிகை எடைக்காரர். இந்தியர்களுக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் கோடு 25. அதே எடையில் நமக்கு வயிற்றுக்குள் கொழுப்பு கூடுதலாகச் சேர்வதால் கோட்டை இறக்கியிருக்கிறார்கள். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 40.4 சதவீதம் பேர் இந்த 25ஐத் தொட்டவர்கள் அல்லது தாண்டியவர்கள்.

அப்புறம் டேப்பை எடுத்தேன். “இடுப்பு 34 இஞ்ச்தான்” என்றார். அது வேட்டி கட்டும் இடம், தொப்பைக்குக் கீழே. அளக்கவேண்டியது கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டபின். 98 செ.மீ. வந்தது. நம் ஆண்களுக்கு வரம்பு 90, பெண்களுக்கு 80.

தோலுக்கடியில் தொங்கும் ஊளைச்சதை அவ்வளவு கெடுதல் செய்வதில்லை. குடலைச் சுற்றிச் சேர்வதுதான் வில்லன். அங்கிருந்து கொழுப்பு அமிலங்கள் நேராகக் கல்லீரலுக்குப் போகின்றன. கல்லீரலில் கொழுப்பு படிகிறது, இன்சுலினின் பேச்சு எடுபடாமல் போகிறது, சர்க்கரை ஏறுகிறது. ரத்த அழுத்தமும் மாரடைப்பும் இதே வழியில் வருபவை. கழுத்தில் சேரும் கொழுப்பு தூக்கத்தில் மூச்சுக்குழலை நெரிக்கும். குறட்டை நடுவே நின்று திணறுவது அதனால்தான். முழங்கால் தேய்மானம், பித்தப்பைக் கல், சில புற்றுநோய்கள் என்று பட்டியல் நீளும்.

எழுதும்போது என் வழக்கம் இது. ஒபிசிட்டிக்கு உடற்பருமன், உடற்பயிற்சி போலச் சேர்த்து, றகரம் போட்டு. அதற்கு முந்தைய கட்டத்துக்கு மிகை எடை. வயிற்றில் சேர்வதற்கு வயிற்றுப் பருமன் என்று எழுதலாம். சித்தப்பாவுக்குச் சொல்வதானால் தொப்பை என்றே சொல்வேன்; அதில் அவருக்கு ஆட்சேபணை இல்லை.