விசா வேண்டாம், சரி. எந்தத் தேதி வரைக்கும்?

நாகர்கோவிலில் சின்னதாக ஒரு டிராவல்ஸ் கடை வைத்திருக்கிறேன். விமான டிக்கெட், விசா, பாஸ்போர்ட் விண்ணப்பம் என்று பதினெட்டு வருஷமாக இதே வேலை. முன்பெல்லாம் கடைக்கு வருகிறவர்கள் "அந்த ஊருக்கு விசா கிடைக்குமா?" என்று கேட்டபடியே உட்காருவார்கள். இப்போது உட்காருவதற்கு முன்பே போனை நீட்டி, "விசா வேண்டாம்னு போட்டிருக்கு அண்ணே, டிக்கெட் மட்டும் போடுங்க" என்கிறார்கள். போனில் இருப்பது பெரும்பாலும் ஒரு வாட்ஸ்அப் படம். இந்திய பாஸ்போர்ட் கையில் இருந்தால் இத்தனை நாடுகளுக்குப் போகலாம் என்று வரிசையாகக் கொடிகள். அந்தப் படம் எந்த மாதம் போட்டது என்ற விவரம் மட்டும் அதில் இருக்காது.

அந்தப் பட்டியலில் நான்கு வகை நாடுகளை ஒரே பந்தியில் உட்கார வைத்திருப்பார்கள். நேபாளத்துக்கு நமக்கு விசா என்ற பேச்சே கிடையாது. விமானத்தில் போனால்கூட வாக்காளர் அட்டை போதும். மலேசியாவும் தாய்லாந்தும் விசாவிலிருந்து விலக்குக் கொடுத்திருக்கின்றன, நாள் வரம்போடு. இந்தோனேசியாவுக்கு (பாலி என்றால்தான் நம் ஆட்களுக்குப் புரியும்) அங்கே இறங்கிய பிறகு 5 லட்சம் ருபியா கட்டி விசா வாங்க வேண்டும். பயப்பட வேண்டாம், நம் காசுக்கு மூவாயிரத்துக்குள் வரும். இலங்கைக்கு ஈ.டி.ஏ. என்ற இணைய அனுமதி வேண்டும். 2023 அக்டோபரில் இந்தியர்களுக்கு விசா இலவசம் என்று இலங்கை அறிவித்தபோது, இனி விண்ணப்பமே வேண்டாம் என்று நினைத்துக்கொண்டு வந்தவர்கள் பலர். கட்டணம்தான் போனது, விண்ணப்பம் அப்படியே இருந்தது. அடுத்த வருஷம் ஆகஸ்டில் இன்னொரு செய்தி: 35 நாட்டினருக்கு அக்டோபர் 1 முதல் விசா கட்டணம் கிடையாது என்று. அக்டோபர் வந்தது, அந்தத் திட்டம் வரவில்லை. செய்தியை நம்பி எத்தனை பேரிடம் நானே "கொஞ்சம் பொறுங்க, இலவசமாகப் போகலாம்" என்று சொன்னேன் என்பதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது.

விலக்கு என்பது அந்த நாட்டுக்கு ஆள் தேவைப்படும்போது திறக்கிற கதவு. கொரோனாவுக்குப் பிறகு சீனச் சுற்றுலாப் பயணிகள் பழைய அளவுக்குத் திரும்பவில்லை, ஓட்டல் அறைகள் காலியாகக் கிடந்தன, நம்மைக் கூப்பிட்டார்கள். தாய்லாந்து 2023 நவம்பர் 10 முதல் ஆறு மாதத்துக்கு என்றுதான் ஆரம்பித்தது, 30 நாள் தங்கலாம் என்று. பிறகு நீட்டித்தார்கள். 2024 ஜூலை 15 முதல் அது 60 நாள் ஆனது. அடுத்த வருஷமே, 60 நாள் அதிகம், மறுபடி 30 ஆக்கலாம் என்ற பேச்சு அங்கேயே எழுந்தது. மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள் கொடுத்தது. ஒரு வருஷத்துக்கு என்று தொடங்கியதை 2026 டிசம்பர் 31 வரை நீட்டினார்கள். பிலிப்பைன்ஸ் 2025 ஜூனில் 14 நாள் கொடுத்தது. அதே நேரத்தில் மூடிய கதவும் உண்டு. செர்பியாவுக்கு நாம் விசா இல்லாமல் போய்க்கொண்டிருந்தோம். அங்கிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ஆட்கள் நழுவுகிறார்கள் என்று ஒன்றியம் நெருக்க, 2023 ஜனவரி 1 முதல் விசா கட்டாயம் ஆகிவிட்டது.

இதில் நம் ஊரில் அடிக்கடி நடக்கிற தப்பு, டிக்கெட் போட்ட அன்று இருந்த விதி பயணம் முடியும் வரை செல்லும் என்று நினைப்பது. ஆஃபர் வருகிறது என்று எட்டு மாதம் முன்னாலேயே டிக்கெட் போடுகிறார்கள். நீங்கள் அங்கே இறங்குகிற நாளில் என்ன விதியோ அதுதான் உங்களுக்கு. கிறிஸ்துமஸ் முடிந்து புத்தாண்டுக்குப் பிறகு மலேசியா போக யோசிப்பவர்கள் அந்த டிசம்பர் 31 என்ற தேதியை நீட்டியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். பெரும்பாலும் நீட்டுவார்கள் என்பது என் எண்ணம். ஆனால் இமிக்ரேஷன் அதிகாரியிடம் என் எண்ணம் செல்லாது.

இன்னொன்று. விசா எடுத்துப் போகிற காலத்தில் உங்கள் வங்கிக் கணக்கு, வேலை, ஓட்டல் எல்லாவற்றையும் தூதரகம் முன்கூட்டியே பார்த்துவிடும். மறுத்தால் நஷ்டம் விசா கட்டணத்தோடு போகும். இப்போது அந்தச் சோதனை விமான நிலையத்துக்கு வந்துவிட்டது. டிக்கெட்டுக்கும் ஓட்டலுக்கும் கட்டிய பிறகு, பெட்டியைத் தள்ளிக்கொண்டு வரிசையில் நிற்கும்போது நடக்கிறது. முதல் சோதனை செக்-இன் கவுண்டரில். அங்கே இருப்பவர், விமான நிறுவனங்களின் உலகச் சங்கமான அயாட்டாவின் டிமாட்டிக் என்ற தரவுத்தளத்தில் எந்த நாட்டுக்கு என்ன விதி என்று பார்த்துத்தான் போர்டிங் பாஸ் கொடுப்பார். அந்த நாடு உங்களைத் திருப்பி அனுப்பினால் கூட்டிக்கொண்டு வர வேண்டியது விமான நிறுவனம். பல நாடுகளில் அபராதமும் கட்ட வேண்டும். அதனால் அவர் கறாராகத்தான் இருப்பார், அவரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. அடுத்தது நம் நாட்டு இமிக்ரேஷன். மூன்றாவது அந்த நாட்டு இமிக்ரேஷன். திரும்பி வரும் டிக்கெட், தங்குமிடம், செலவுக்குப் பணம், எதற்கு வந்தாய் என்ற கேள்விக்கு ஒழுங்கான பதில் எல்லாம் மூன்று இடத்திலும் கேட்கப்படலாம். டம்மி ரிட்டர்ன் டிக்கெட் போட்டுக் கொடுங்கள் என்று கேட்பவர்களுக்கு: பி.என்.ஆரை அடித்துப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். நான் போட்டுக் கொடுப்பதில்லை.

என் தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தக்கலைப் பக்கத்து ஜோடி ஒன்று, கல்யாணம் முடிந்து பத்தாம் நாள், திருவனந்தபுரத்திலிருந்து கோலாலம்பூர். விலக்கு உண்டா, உண்டு. ஓட்டல், டிக்கெட் எல்லாம் பக்கா. ராத்திரி பதினொன்றரைக்கு மாப்பிள்ளை போனில் கத்துகிறார். பெண்ணின் பாஸ்போர்ட் காலாவதியாக ஐந்து மாதமே இருந்தது. மலேசியாவுக்கு ஆறு மாதம் வேண்டும். விசா விண்ணப்பம் நிரப்புகிற காலமாக இருந்தால் படிவத்தில் அந்தத் தேதியை நானே எழுதியிருப்பேன், கண்ணில் பட்டிருக்கும். விசாவே இல்லை என்றதும் பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தை மட்டும் வாட்ஸ்அப்பில் வாங்கி, பெயரையும் நம்பரையும் டிக்கெட்டில் ஏற்றிவிட்டு விட்டுவிட்டேன். இரண்டு பேரும் நாகர்கோவிலுக்குத் திரும்பி வந்தார்கள். பாதிப் பணம் என் கையிலிருந்து போனது. அதைவிட, அந்தப் பெண்ணின் அம்மா கடைக்கு வந்து ஒன்றுமே பேசாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து டிக்கெட் போடுவதற்கு முன்பு காலாவதித் தேதியை வாய்விட்டுப் படிப்பது என்று வைத்திருக்கிறேன். கடைப் பையன்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

வருகை அட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். விசாவைத்தான் எடுத்தார்களே தவிர, படிவத்தை எடுக்கவில்லை. மலேசியாவுக்கு 2024 ஜனவரி முதலும் தாய்லாந்துக்கு 2025 மே 1 முதலும் இணையத்தில் டிஜிட்டல் வருகை அட்டை நிரப்ப வேண்டும். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்பணும். இரண்டுமே இலவசம். ஆனால் கூகுளில் தேடினால் முதலில் வருவது சில நேரம் காசு பிடுங்குகிற தளங்கள், அரசு முத்திரை மாதிரியே ஒரு படத்தோடு. தாய்லாந்து அரசின் தளம் 'டாட் ஜிஓ டாட் டிஎச்' என்று முடியும். மலேசியாவுடையது 'டாட் ஜிஓவி டாட் எம்ஒய்'. கார்டு நம்பர் கேட்டால் மூடிவிட்டு வெளியே வாருங்கள். கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூர் போய்விட்டு மறுபடி கோலாலம்பூர் வழியாகத் திரும்புபவர்கள் மலேசிய அட்டையை இரண்டாவது முறையும் நிரப்ப வேண்டும். சிங்கப்பூருக்கு விசா வேண்டும் என்பதை மறந்துவிட்டு வருபவர்களும் உண்டு.

நாள் கணக்கில் விளையாட வேண்டாம். இறங்கிய நாளையே முதல் நாளாக எண்ணிக்கொள்ளுங்கள். தாய்லாந்தில் கூடுதலாகத் தங்கினால் ஒரு நாளைக்கு 500 பாட், அதிகபட்சம் 20,000 பாட் அபராதம். 90 நாளைத் தாண்டினால் மறுபடி நுழையத் தடையே விழும்.

இதுவரை சொன்னதெல்லாம் பணம் போகிற விஷயம். நம் மாவட்டத்தில் இதைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. ஈரான் 2024 பிப்ரவரியில் இந்தியச் சுற்றுலாப் பயணிகளுக்கு விலக்குக் கொடுத்தது: விமானத்தில் வந்தால் 15 நாள், ஆறு மாதத்துக்கு ஒரு முறை. வேலை என்று ஆசை காட்டி ஆட்களை அந்த வழியில் வரவழைத்து, இறங்கியதும் கடத்தி வைத்து வீட்டாரிடம் பணம் கேட்ட சம்பவங்கள் நடந்ததால், 2025 நவம்பர் 22 முதல் அந்த விலக்கை நிறுத்திவிட்டார்கள். ஈரான் என்றால் மற்ற ஊர்க்காரர்களுக்கு எங்கோ இருக்கிற நாடு. நம் கடற்கரைக்கு அப்படி இல்லை. 2020இல் கொரோனா நேரத்தில் அங்கே மாட்டிக்கொண்ட நம் மீனவர்களை நினைத்துப் பாருங்கள். ஐஎன்எஸ் ஜலாஷ்வா கப்பல் பந்தர் அப்பாஸிலிருந்து 687 பேரை ஏற்றிக்கொண்டு ஜூலை 1 அன்று தூத்துக்குடிக்கு வந்தபோது இங்கே எத்தனை வீட்டில் விடிய விடிய விளக்கு எரிந்தது! அவர்கள் முறையாக வேலைக்குப் போனவர்கள். அவர்களுக்கே அந்தப் பாடு.

தாய்லாந்திலும் இதே கதைதான். பாங்காக்கில் டேட்டா என்ட்ரி வேலை, விசா வேண்டாம், வந்து இறங்கு என்பார்கள். இறங்கியவர்களை மே சோட் என்ற எல்லை ஊருக்குக் கூட்டிப்போய், மோய் ஆற்றைக் கடத்தி, மியான்மரில் இணைய மோசடிக் கூடங்களில் அடைத்துவிடுவார்கள். 2025 மார்ச்சில் விமானப்படை விமானங்களை அனுப்பி 500க்கும் மேற்பட்ட இந்தியர்களைக் கூட்டிவர வேண்டியிருந்தது. சுற்றுலா விலக்கில் போய் வேலை செய்வது சட்டப்படி குற்றம் என்பதால், மாட்டிக்கொண்டவர் போலீஸிடம் ஓடக்கூடப் பயப்படுவார். ஏமாற்றுகிறவனுக்கு அதுதான் வசதி.

போன வருஷம் தூத்தூர் பக்கத்திலிருந்து ஒரு தாயும் மகனும் வந்தார்கள். பையனுக்கு இருபத்திரண்டு வயது. யாரோ பாங்காக்குக்கு ஒன்வே டிக்கெட்டை போனில் அனுப்பியிருக்கிறார்கள். அதை அச்சடித்துக் கொடுக்கச் சொல்லித்தான் வந்தார்கள். ஓட்டல் பெயர் இல்லை, கம்பெனி பெயர் இல்லை. பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தேன், இசிஆர், அதாவது வெளிநாட்டு வேலைக்குப் போகும் முன் அரசுச் சோதனை தேவை என்ற வகை. பத்தாம் வகுப்புத் தேறாதவர்களுக்கு வருவது. இசிஆர் பாஸ்போர்ட்டில் சுற்றுலா போகலாம், தடையில்லை. வேலைக்குப் போவதென்றால் தாய்லாந்தும் மலேசியாவும் வளைகுடா நாடுகளும் இசிஆர் பட்டியலில் இருக்கின்றன. வேலை ஒப்பந்தத்தோடு இ-மைகிரேட் என்ற நம் அரசுத் தளத்தில் பதிந்து, குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரியின் அனுமதி வாங்கித்தான் போகணும். ஏஜென்ட்டின் பதிவு எண்ணையும் அதே தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். இதையெல்லாம் சொன்னதும் அந்த அம்மா, "விசாவே வேண்டாம்னு சொல்லுதானே, பின்ன எதுக்கு சாரே பயப்படணும்?" என்று கேட்டார். அனுப்பியவனுக்கு என் எதிரிலேயே போன் போடச் சொன்னேன். கம்பெனி பெயரும் பதிவு எண்ணும் கேட்டதும் லைன் கட் ஆனது. திரும்ப அடித்தால் எடுக்கவில்லை.

பையன் இப்போது வள்ளத்துக்குப் போகிறான். போன வாரம் தனியாக வந்து, பாஸ்போர்ட்டில் இசிஆரை எடுக்க என்ன செய்யணும் என்று கேட்டான். பத்தாவது பாஸான சர்டிபிகேட் வேண்டும் என்றேன். கணக்குப் பாடம் ஒன்றுதான் பாக்கியாம். துணைத் தேர்வுக்குப் பணம் கட்ட கடைசித் தேதி என்ன என்று என் கம்ப்யூட்டரிலேயே பார்த்துக் குறித்துக்கொண்டு போனான்.