மூட்டையில் இருப்பது என்ன நெல்?

மன்னார்குடிப் பக்கம் சித்தப்பாவுக்குப் பத்து மா நிலம். சம்பாவுக்கு வாங்கி வைத்திருந்த விதைமூட்டையில் 'சிஆர் 1009 சப்-1' என்று போட்டிருந்தது. "சிஆர் தெரியும் தம்பி. அதென்ன சப்பு? மரபணு மாத்துன நெல்லுன்னு டீக்கடையில சொல்றாங்களே" என்றார். இல்லை என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னாலும் ஒரு மரபணுதான் இருக்கிறது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வயல் மூழ்கும்போது, பயிரில் ஊறும் எத்திலீன் என்ற வாயு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தேங்கும். சாதாரண நெல் அதை அபாயச் சங்காக எடுத்துக்கொண்டு, தலையை வெளியே நீட்டிவிடலாம் என்று அவசரமாக உயரும். சில நாளில் தண்ணீர் வடிந்தால் சரி. வடியாவிட்டால் சேர்த்து வைத்த மாவுச்சத்தெல்லாம் தீர்ந்துபோய்த் துவண்டு அழுகும். ஒடிசாவின் நாட்டு நெல்லிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்ஆர் 13ஏ என்ற ரகம் நேர்மாறாக நடந்துகொள்ளும். அதிலுள்ள சப்-1ஏ மரபணு ('சப்' என்பது மூழ்குவதைக் குறிக்கும் 'சப்மெர்ஜன்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லின் சுருக்கம்), எத்திலீன் தேங்கியதும் வளர்ச்சியை அடக்கிவிடும். பயிர் மூச்சுப் பிடித்துக் கிடக்கும்; இரண்டு வாரம் வரைகூடத் தாங்கும்.

2006இல் இந்த மரபணுவை இன்னதென்று கண்டுபிடித்தார்கள். நம்மூரில் பொன்மணி என்கிற சிஆர் 1009க்குள் அதைக் கொண்டுவந்தது ஒட்டுச் சேர்க்கும் பழைய வழியில்தான். மகரந்தம் தூவி, திரும்பத் திரும்பப் பொன்மணியோடே சேர்த்து, எந்த நாற்றில் அந்த மரபணு வந்திருக்கிறது என்று டிஎன்ஏ சோதனையில் பார்த்துப் பொறுக்கினார்கள். நெல்லின் மரபணு நெல்லுக்குள்ளேயே வந்திருக்கிறது, அவ்வளவுதான். (கதிர் முற்றி, தை மழையில் சாய்ந்தால் சப்-1 கைகொடுக்காது. அதையும் சித்தப்பாவிடம் சொன்னேன்.)

மரபணு மாற்றுப் பயிர் என்றால் வேறு உயிரிலிருந்து மரபணுவை எடுத்து வைப்பது. மண்ணில் வாழும் அக்ரோபாக்டீரியம் தன் டிஎன்ஏவின் ஒரு துண்டைச் செடிக்குள் செலுத்திக் கழலை உண்டாக்கும். கழலைக்குரிய பகுதியை நீக்கிவிட்டு, வேண்டிய மரபணுவை அந்த வண்டியில் ஏற்றி அனுப்புகிறார்கள். தங்க அரிசியில் அப்படி ஏறியவை மக்காச்சோளத்தின் மரபணு ஒன்றும் பாக்டீரியாவின் மரபணு ஒன்றும். அரிசியில் இல்லாத பீட்டா கரோட்டின் அதனால் உண்டாகிறது. வைட்டமின் ஏ குறைந்து கண் போகும் குழந்தைகளை நினைத்துச் செய்தது. பிலிப்பைன்ஸ் 2021இல் அனுமதித்தது. 2024இல் அங்குள்ள நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

டெல்டாக்காரர்கள் உட்கார்ந்து யோசிக்க வேண்டியது, தின்னும் புழுவைத் தானே கொல்லும் 'பிடி' (Bt) நெல்லைப் பற்றி என்பேன். இந்தியாவில் எந்த மரபணு மாற்று நெல்லையும் சாகுபடிக்கு அனுமதிக்கவில்லை. சீனா 2009இல் பிடி நெல்லுக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் கொடுத்தும் சாகுபடிக்கு விடவில்லை. பிடி மரபணு பாக்டீரியாவினுடையது. அது உண்டாக்கும் புரதம், காரத்தன்மையுள்ள புழுவின் குடலில் கரைந்து, குடல் சுவரின் குறிப்பிட்ட ஏற்பிகளில் ஒட்டி ஓட்டை போடும். நம் வயிறு அமிலம். அந்த ஏற்பிகளும் நமக்கு இல்லை. குருத்தைக் காயவைத்து, பிறகு வெண்கதிரும் விடவைக்கிற குருத்துப்பூச்சியை மருந்தடிக்காமலே அடக்கலாம் என்றால் யாருக்குக் கசக்கும்? மருந்தடிக்கிறவரின் நுரையீரலுக்கும் அது நல்லதுதான்.

என் பயம் சோற்றுத்தட்டில் இல்லை, வயலில் இருக்கிறது. பிடி பருத்தி 2002இல் வந்தது. பச்சைக் காய்ப்புழு கொண்டைக்கடலை, துவரை, தக்காளி என்று பலதும் தின்னும். பிடி விஷமே படாத புழுக்கள் அங்கெல்லாம் வளர்ந்து, பருத்தியில் தப்பிப் பிழைத்தவற்றோடு கலந்துகொண்டிருந்ததால் எதிர்ப்புச் சக்தி வேகமாகப் பரவவில்லை. இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்குப் பெரும்பாலும் பருத்திதான் கதி. பத்தாண்டுக்குள்ளேயே அது குஜராத்தில் பிடியைத் தாங்கக் கற்றுக்கொண்டது.

மஞ்சள் குருத்துப்பூச்சிக்கு நெல்லை விட்டால் வேறு சாப்பாடே கிடையாது. திருவாரூரிலிருந்து நாகப்பட்டினம் வரை கண்ணுக்கெட்டிய தூரம் நெல். எல்லா வயலும் பிடியானால் விஷம் படாத பூச்சிக்கு ஒதுங்க இடமேது? அதற்குத்தான் கொஞ்சம் பரப்பில் சாதாரண ரகம் போடச் சொல்கிறார்கள். பத்து மாவில் இரண்டு மாவைப் பூச்சிக்கு விட்டுக்கொடுக்க சித்தப்பாவால் முடியுமா? முடியாது. என்னாலும் முடியாது.

மகரந்தம் பறந்து நாட்டு நெல்லைக் கெடுத்துவிடும் என்ற பேச்சு கொஞ்சம் மிகை. நெல் தன்னைத் தானே சூலாக்கும் பயிர். மகரந்தம் சில நிமிடமே உயிரோடிருக்கும். விதை கலப்பதற்கு இங்கே பெரிய வழி கதிர் அறுக்கும் மெஷின். ஒரு வயலில் அறுத்த நெல் உள்ளே கொஞ்சம் தங்கி, அடுத்த வயலில் உதிரும். நெல் ஜெயராமன் ஊர் ஊராகத் தேடிச் சேர்த்த பாரம்பரிய ரகங்களைக் காக்க நினைப்பவர்கள் காற்றைவிட இந்த மெஷினைத்தான் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் 2006இல் அனுமதி பெறாத மரபணு மாற்று நெல் கலந்தது தெரியவந்து, அரிசி ஏற்றுமதியே ஆட்டம் கண்டது.

இப்போது மூன்றாவது வகையும் வந்துவிட்டது. நம்மூரில் ஆந்திரா பொன்னி என்கிற பிபிடி 5204இல் வெளி மரபணு எதையும் சேர்க்காமல், உள்ளேயிருக்கும் ஒன்றை மட்டும் வெட்டித் திருத்தி 2025 மே மாதம் 'கமலா' ரகத்தை அறிவித்தார்கள். கதிரில் மணிகளைக் கூட்டுவது சைட்டோகைனின் என்ற ஹார்மோன். அதைச் சிதைக்கும் நொதி ஒன்று உண்டு. அதன் மரபணுவைத்தான் முடக்கினார்கள். சுமார் 20 நாள் முன்னதாகவே அறுக்கலாமாம். ஜூன் 12 தாண்டியும் மேட்டூர் திறக்காத வருஷத்தில் அந்த 20 நாளின் அருமை நமக்குத் தெரியும். ஆனால் அந்தத் திருத்தும் கருவியின் காப்புரிமை யார் கையில், விதைக்கு என்ன விலை என்பதைக் கேட்காமல் பையில் கைவிட மாட்டேன்.

எல்லாவற்றையும் கேட்ட சித்தப்பா, "அதெல்லாம் சரி, இந்த சப்புல அடுத்த வருஷ விதைக்கு எடுத்து வைக்கலாமா?" என்றார்.

வைக்கலாம். இது வீரிய ஒட்டு ரகம் இல்லை; விளைந்த நெல்லே விதையாகும். 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டமும் விவசாயிக்கு அந்த உரிமையைக் கொடுத்திருக்கிறது. கலவன் இல்லாத ஒரு மூலையை மட்டும் மெஷின் இறங்குவதற்கு முன்னால் ஆளை விட்டு அறுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.